அம்மாவின் முதுகுக்கு மிளகாய்க் களிம்பு

அன்புள்ள பாப்பா,

ஆவணியில் காஞ்சிபுரம் போய், தை மாதக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பிய அன்று நீ போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, மறைக்காம சொல்லுங்க. அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையா?" நான், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா. சிலிண்டர்காரர் வந்து நிக்கிறாரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். எந்தச் சிலிண்டர்காரரும் வரவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளை கேள்வி கேட்டாலும், தெரிந்தால் பதில், தெரியாவிட்டால் "நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லியே காலம் ஓட்டியவன் நான். பதில் தெரிந்திருந்தும் நழுவியது உன் ஒருத்தியிடம்தான்.

உன் சந்தேகத்தில் தப்பில்லை. மாப்பிள்ளையை நீயே பார்த்து, நீயே முடிவு செய்து, அப்புறம்தான் எங்களிடம் சொன்னாய். நிச்சயத்தன்று வருகிறவர்களையெல்லாம் வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, அதன் பிறகு புடவை எடுக்க வரவில்லை. திட்டக்குடியிலிருந்து சித்திதான் வந்து உன்னோடு நின்றாள். வீடியோவில் கூப்பிட்டால் அம்மா முகம் காட்டுவதில்லை. "கையி ஈரமா இருக்குது", "அடுப்புல பாலு இருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். கடைசியில், தாரை வார்க்கும்போது என் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற அவள் வரப்போவதில்லை, சித்தியும் சித்தப்பாவும் நிற்கட்டும் என்று சித்தி மூலமாகவே உனக்குச் சொல்லி அனுப்பினாள். பெற்றவள் இருக்கும்போது இன்னொருத்தி செம்பைப் பிடிப்பதா என்று நீ அழுததைச் சித்தி என்னிடம் சொன்னாள்.

பாப்பா, அம்மாவுக்கு அக்கி வந்திருந்தது. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். உன் கல்யாணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் நீ பயந்துகொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவாய். ஆகையால் முழுவதையும் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி. இதை எழுதச் சொன்னதே அம்மாதான்.

நிச்சயம் முடிந்த சில வாரங்களில் அம்மாவுக்கு இடது பக்க முதுகில், முதுகெலும்பிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை, ஒரு பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி போவதில்லை; ஏதோ ஒரு நரம்பின் வேரில் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். உடம்பு தளரும் வயதில் எழுந்து, அந்த நரம்பு போகிற வழியிலேயே போகும். அதனால்தான் அது வட்டமாக வராமல் பட்டையாக வருகிறது. "மொதல்ல அக்கி எழுதணும்" என்றாள் அம்மா. "மொதல்ல டாக்டரு" என்றேன் நான். நம் வீட்டு வழக்குகள் எப்போதும் முடிகிறபடி ஒரே நாளில் இரண்டும் நடந்தன. பின்தெரு மாணிக்கத்தை உனக்குத் தெரியும், இன்சுலேட்டர் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். குயவர் வீட்டுப் பிள்ளை. நம் பக்கத்தில் அக்கி எழுதுவது அவர்கள் கைதானே. விடிந்ததும் அவர் காவியைக் குழைத்துக் கொடுக்க, அவர் வீட்டம்மா உள்ளே போய்க் கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றி எழுதி, முதுகில் ஒரு சிங்கமும் போட்டார். அதே முதுகோடு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "யாரும்மா இவ்ளோ அழகா சிங்கம் போட்டது? வாலக்கூட சுருட்டி வச்சிருக்காங்க!" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் எழுதற மாத்திரையையும் நேரத்துக்குப் போடணும், சரிங்களா?" அம்மாவுக்கு அந்த டாக்டரம்மாவை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

கொப்புளம் வாடிவிட்டது, தோல் உதிர்ந்துவிட்டது, தழும்புகூடத் தேடினால்தான் தெரியும். வலி மட்டும் போகவில்லை. வயதானவர்களில் சிலருக்கு அப்படித் தங்கிவிடுமாம். அது எப்படிப்பட்ட வலி என்று எனக்குப் புரியவே கொஞ்ச நாளானது. அழுத்திப் பிடித்தால்கூடத் தாங்கிக்கொள்கிறவள், துணி உரசினால் துடித்துப்போனாள். ஃபேன் காற்று பட்டால் நெருப்பு. ஜாக்கெட் தையல் அந்த இடத்தில் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். என்னுடைய பழைய பருத்திச் சட்டை ஒன்றை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். வீடியோவில் நீ பார்க்காத முகத்துக்குக் கீழே இருந்தது அந்தச் சட்டைதான், பாப்பா.

"பொண்ணுகிட்ட சொல்லிடலாம்" என்று நான் பல தடவை சொல்லிவிட்டேன். "வேணாங்க. சொன்னா லீவு போட்டுட்டு ஓடியாந்துடுவா. புதுசா வேலைல ஏத்திவுட்டிருக்காங்க, கல்யாண வேலை வேற. அவ சந்தோஷமா இருக்கற நேரம், வலி நோவுன்னு எதுக்கு அவ காதுல போடணும்?" "அவளா கேட்டா நான் பொய் சொல்லணுமா?" "நீங்க பொய்யெல்லாம் சொல்ல வேணாம், ஒங்களுக்கு வராது. சும்மா இருங்க. அதுவும் ஒங்களுக்கு வராது, இருந்தாலும் இருந்து பாருங்க." அப்படித்தான் அந்தச் சிலிண்டர்காரர் வந்தார்.

புண் ஆறிய இடத்தில் எப்படி எரியும் என்று அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் மாணிக்கம் வந்து கதவோரம் நின்றபோது, உள்ளறையில் இருந்த அவளுக்கும் கேட்கும்படி, "இவரு சூளையில ஒரு மீட்டர் இருக்குது இல்ல, உள்ள எவ்ளோ சூடுன்னு காட்டுமே" என்று ஆரம்பித்தேன். சூளைக்குள் செருகியிருக்கும் கம்பி பழுதானால், சூளை ஆறிக் கிடக்கும்போதே மீட்டர் தாறுமாறான சூட்டைக் காட்டும். நரம்பும் அந்தக் கம்பி மாதிரிதான். கிருமி கம்பியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. உடம்பில் நெருப்பு இல்லை. நெருப்பு இருக்கிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மாணிக்கம் கேட்டுவிட்டு, "எங்க கம்பெனில கம்பிய கழட்டிட்டு வேற போட்டுடுவோம் சார். அக்காவுக்கு அப்படிப் போட முடியுங்களா?" என்றார். உள்ளேயிருந்து அம்மா, "அவரு அக்காவையே கழட்டிட்டு வேற போட்டாலும் போட்டுடுவாரு, நீ வேற யோசனை சொல்லாத மாணிக்கம்" என்றாள். அவள் கேலி பேசிய நாட்களெல்லாம் எனக்கு நல்ல நாட்கள்.

ஆடி மாதத்தில் டாக்டரம்மா, இரவு போடும் மாத்திரையோடு ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். கேப்சைசின். மிளகாயின் காரம்! அம்மாவிடம் சொன்னதும் அவள் என்னையும் டியூபையும் மாறி மாறிப் பார்த்தாள். "எரியற எடத்துல மொளகாயா? எம்மேல அப்படி என்னாங்க கோவம் அந்தம்மாவுக்கு?" டாக்டரம்மாவிடம் திரும்பப் போய்க் கேட்டு வந்தேன். புண் முழுக்க ஆறிவிட்டது, இனித் தடவலாம். முதலில் எரியும், விடாமல் தடவினால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும் என்றார். "எரியும்" என்பதை மட்டும் அம்மா பிடித்துக்கொண்டாள். அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால் நான் முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய புத்தகங்களை இறக்கினேன், நீ வாங்கித் தந்த லேப்டாப்பையும் திறந்தேன். அப்படித்தான், ஓய்வு பெற்ற பிறகு, நான் ஒழுங்காகப் பாடமே நடத்தியிராத ஒரு குடும்பத்தை அறிந்துகொண்டேன். கொழுப்பு அமில அமைடுகள். இவ்வளவு அழகானவற்றை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறேனே என்று இருந்தது.

உனக்கு வேதியியல் ஆகாது என்று தெரியும், ஆனாலும் கேள். எண்ணெய், நெய், கொழுப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை கொழுப்பு அமிலம். தலைப்பிரட்டையை நினைத்துக்கொள்: சின்னத் தலை, நீண்ட வால். வால் முழுக்கக் கரி அணுச் சங்கிலி. அது தண்ணீரோடு சேராது. தலைதான் அமிலம். அந்தத் தலை, நைட்ரஜன் உள்ள இன்னொரு மூலக்கூறைச் சந்தித்து, இரண்டுமாக ஒரு நீர் மூலக்கூறை வெளியே விட்டுவிட்டுக் கை கோத்துக்கொண்டால், பிறப்பது அமைடு. நாம் நீரை வார்த்துக் கைகளைச் சேர்த்து வைக்கிறோம். அங்கே நீரை விட்டுக் கைகள் சேர்கின்றன. சேர்ந்த பிறகு அந்தப் பிடி லேசில் விடாது. எண்ணெயில் இருக்கிற பிடி அப்படியில்லை; காஸ்டிக் சோடாவைப் போட்டுக் காய்ச்சினால் விட்டுக்கொடுத்துச் சோப்பாகிவிடும். அமைடோ, மிளகாயை வெயிலில் காயவைத்து, வறுத்து, அரைத்து, குழம்பில் கொதிக்கவிட்டாலும் பிரியாது. மறுநாள் பழைய குழம்பிலும் காரம் அப்படியே இருப்பது அதனால்தான்.

மிளகாயின் காரப்பொருளை எடுத்துக்கொள். அதன் தலைப்பக்கம் யார் தெரியுமா? ஐஸ்கிரீமில் வெனிலா வாசனை வருகிறதே, அந்த வாசனைப் பொருளின் நெருங்கிய சொந்தம். வால், ஒரு சின்னக் கொழுப்பு அமிலம். நடுவில் அமைடு. வெனிலாவையும் கொழுப்பையும் சேர்த்தால் இனிப்புக் கடைதான் நினைவுக்கு வரும். செடி சேர்த்ததில் வந்ததோ காரம். அதையும் எங்கே வைத்திருக்கிறது பார்: தோலில் இல்லை, விதையில்கூட இல்லை, விதைகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் அந்த வெள்ளைத் தண்டில். நம் உடம்பின் நரம்பு நுனிகளில், கை பொறுக்காத சூடு பட்டால் மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள் உண்டு. மிளகாயின் மூலக்கூறு சூடே இல்லாமல் அந்தக் கதவைத் திறந்துவிடும். நாக்கில் நெருப்பு இல்லை, ஆனால் நாக்கு நெருப்பு என்கிறது. கிளியின் கதவோ இந்தச் சாவிக்குத் திறக்காது. கிளி மிளகாய்ப் பழத்தை நிம்மதியாகத் தின்றுவிட்டு விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. விதையைக் கடித்து நொறுக்குகிற எலியும் நாமும்தான் அலறுகிறோம். தன் விதைக்குத் தகுந்த விருந்தாளியை ஒரு செடி ஒரே மூலக்கூறை வைத்துப் பிரித்தெடுக்கிறது! இதைப் படித்த அன்று சாப்பிடக் கூப்பிட்டது எனக்குக் காதில் விழவில்லை.

ஆனால் களிம்புக்குக் காரணம் இதற்கும் அடுத்த படி. அந்தக் கதவை விடாமல் திறந்துகொண்டே இருந்தால் நரம்பு நுனி களைத்துப்போகிறது. செய்தி அனுப்புவதற்கான சரக்கு அதனிடம் தீர்ந்துவிடுகிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால், மெல்லிய நுனிகள் தோலிலிருந்து கொஞ்சம் பின்வாங்கியும் விடுகின்றன. பொய்ச் செய்தி அனுப்புகிற கம்பியை, அதற்குப் புரிகிற பொய்யை வைத்தே அடக்குவது. "சரி, எரியுதுன்னு சொல்ற கம்பிய எரிச்சலாலயே அலுக்க வைக்கணும், அதானே?" என்றாள் அம்மா. என் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொன்னதில்லை. "அப்ப தடவுங்க. ஆனா நான் திட்டுவேன், காதுல வாங்கிக்கக் கூடாது" என்றாள்.

முதல் நாள் திட்டு வாங்கியது அவள் முதுகால் அல்ல, என் கண்ணால். வெறும் விரலால் தடவிவிட்டுக் குழாயில் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இமையைத் துடைத்துக்கொண்டேன். வால் தண்ணீரோடு சேராது, எண்ணெயில்தான் கரையும் என்று முந்தின நாள் பாடம் எடுத்தவன், தண்ணீரை நம்பிவிட்டேன். ஒரு மணி நேரம் முகத்தை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகு எரிய, என் கண் எரிய, இருவரும் எதிரெதிரே. "தேங்காண்ணெய தொட்டுத் தொடச்சிட்டு அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டாங்களா? இத்தன வருஷம் கெமிஸ்ட்ரிதான நடத்துனீங்க?" என்றாள். சிரித்தாள். பிறகு எரிகிறது என்று அழுதாள். பிறகு என்னைப் பார்த்து மறுபடி சிரித்தாள். மறுநாள் மெடிக்கலில் கையுறை வாங்கினேன்.

படிக்கப் படிக்கக் குடும்பம் பெரிதாகிக்கொண்டே போனது. மளிகைக்கடையில் பிளாஸ்டிக் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிப் பிரிகின்றனவே, அதற்குப் போடுவது கடுகு வகை எண்ணெயிலுள்ள ஒரு கொழுப்பு அமிலத்தின் அமைடு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அக்கரகார வேரைக் கடித்தால் நாக்கு விறுவிறுத்து எச்சில் ஊறும். அந்த விறுவிறுப்பும் இந்தக் குடும்பம்தான். தூக்கம் கெட்ட பூனைகளின் மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் ஓர் எளிய அமைடைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருக்கும் அமிலத்திலிருந்து வருவது. அதைச் செலுத்தினால் தூக்கம் வந்ததாம். நம் உடம்பும் இவற்றைச் செய்கிறது. அவற்றில் ஒன்றுக்கு ஆனந்தம் என்ற நம் சொல்லையே எடுத்து ஆனந்தமைடு என்று பேர் வைத்திருக்கிறார்கள். வலியைத் தணிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், மிளகாய் தட்டுகிற அதே கதவை இந்த ஆனந்தமைடும் தட்டும். எரிப்பதும் ஆற்றுவதும் சொந்தக்காரர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்கூட மூளைக்குள் போய் ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து இந்தக் குடும்பத்தில் ஓர் ஆளாகிறது, மாத்திரை வலியைக் குறைப்பதில் இந்தச் சேர்க்கைக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

இன்னொன்று, அடிபட்ட இடத்தில் உடம்பு தானே செய்துகொள்வது. அதை முட்டையின் மஞ்சள் கருவிலும் சோயாவிலும் வேர்க்கடலையிலும் முன்பே கண்டெடுத்திருக்கிறார்கள். நம் ஊர் மல்லாட்டை! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மார்க்கெட் கமிட்டிக்கு வந்த புதுக் காயில் ஒரு மூட்டையை வாங்கிவந்து, காலையில் அவித்தது, சாயங்காலம் வறுத்தது, மதியம் துவையல் என்று அம்மாவுக்குக் கொடுத்தேன். நாலைந்து நாள் பொறுத்தாள். "ஏங்க, என்னைய பொண்டாட்டின்னு நெனச்சிக்கிட்டுப் போடறீங்களா, இல்ல பசு மாடுன்னு நெனச்சிக்கிட்டா?" டாக்டரம்மாவிடம் கேட்டேன். கடலையில் அது இருப்பது துளியிலும் துளி, மருந்தாகும் அளவுக்கு வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாகத் தின்ன வேண்டும் என்றார். "ஆசைக்கு சாப்புடுங்க சார், வைத்தியத்துக்கு வேணாம்." ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது என்பதும், அது போதிய அளவு இருக்கிறது என்பதும் வேறு வேறு. அளவுதான் மருந்து. மீதி மல்லாட்டை மாணிக்கம் வீட்டுக்குப் போனது.

இந்த ஆனந்தமைடைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உன் கல்யாணத்துக்கு என்னிடமிருந்து புத்திமதி என்று ஏதாவது வேண்டுமானால் இதை வைத்துக்கொள். உடம்பு அதைச் செய்து பானையில் ஊற்றி மூடி வைப்பதில்லை. செல்லின் சுவரிலேயே அதற்கான கொழுப்பு இருக்கிறது. வலி வந்ததும் அங்கேயிருந்து அப்போதைக்கு அப்போதே எடுத்துச் செய்கிறது. வேலை முடிந்ததும் அதற்கென்று இருக்கிற ஒரு நொதி வந்து அந்தப் பிடியைப் பிரித்துவிடுகிறது. கொதிக்கும் குழம்பில் பிரியாத பிடியை, உடம்பின் மிதமான சூட்டில், சத்தமில்லாமல். அடுத்த வலிக்கு மறுபடியும் புதிதாகச் செய்ய வேண்டும். உன் அம்மாவும் நானும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. போன வருஷம் அவளிடம் பிரியமாக இருந்தேன் என்பது இந்த வருஷத்து வலிக்கு ஆகாது. நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஆயிரம் நல்லது செய்துகொண்டிருப்பீர்கள். இருந்தாலும் இன்றைக்கு நோகிற இடத்துக்கு இன்றைக்குத்தான் செய்ய வேண்டும். நோகிறது என்பதைச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த நாலைந்து மாதமாக நாம் மூன்று பேரும் பார்த்துவிட்டோம்: அவள் வலியை மறைத்தாள், நீ அதை வெறுப்பு என்று படித்தாய், நான் சிலிண்டர்காரரைக் கூப்பிட்டேன்.

களிம்பு உடனே கேட்கவில்லை. ஆவணி முழுக்க எரிச்சல்தான். இரண்டு தடவை டியூபைக் குப்பையில் போட்டாள், இரண்டு தடவையும் அவளே எடுத்தாள். உன் கேள்வி வந்ததும் அந்த மாதத்தில்தான். உன்னிடம் தாரை வார்க்க வரவில்லை என்று சொல்லி அனுப்பியது, மாட்டேன் என்பதால் அல்ல, பாப்பா. மேடையில் எல்லோரும் பார்க்க, செம்பைப் பிடித்த கை துடித்து, தண்ணீர் பாதியில் நின்றுவிட்டால் அது உனக்கு ஆகாதாம். "எங்கையால அவளுக்கு ஒரு கொறை வந்துடக் கூடாது" என்றாள். புரட்டாசியில் ஒரு மெல்லிய துண்டை முதுகில் போட்டுக்கொள்ள முடிந்தது. ஃபேனை ஒன்றில் வைத்தோம். முழு மாற்றம் என்று நான் நம்பத் துணியவில்லை. அவள் தூங்குகிற நேரம் கூடியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

போன வாரம் வேப்பூரிலிருந்து கல்யாணச் சமையல்காரர் வந்தார். வழக்கம்போல அம்மா உள்ளறையில், நான்தான் பேசினேன். எனக்கு என்ன தெரியும், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "கொழம்புக்கு மொளகாத்தூளு கடைலயே பாக்கெட்டு வாங்கிக்கலாங்க சார், கலரு நல்லா எடுக்கும்" என்றார். "சரிங்க" என்றேன். உள்ளே எதுவோ கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் அம்மா கூடத்தில் நின்றாள். "எங்க வூட்டுக் கல்யாணத்துல பாக்கெட்டுத் தூளா? வாசன வரும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கலருக்காகவா சாப்புடறாங்க?" சமையல்காரர் லேசுப்பட்டவர் இல்லை. "யம்மா, ஐநூறு எலைக்கு யாரும்மா அரைக்கறது?" "நான் அரைச்சித் தரேன். குண்டு மொளகா பாதி, நீட்டு மொளகா பாதி. நீங்க உப்ப மட்டும் அளவா போடுங்க, போன தடவ திட்டக்குடில போட்ட மாரி போட்றாதீங்க." "அது எந்தம்பி போட்டதும்மா!" "யாரு போட்டா என்னா, தண்ணி குடிச்சது நாங்கதான?" சாம்பாரில் கத்தரிக்காய் நிற்குமா கரையுமா என்பது வரை போனது. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "சார், இனிமே நான் அம்மாகிட்டயே பேசிக்கறேன்" என்றார்.

நான் வாசலில் நின்றுகொண்டு அம்மாவையே பார்த்தேன். உள்ளறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய சுங்குடிப் புடவையை இழுத்து அவசரமாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். முந்தானை இடது தோள் வழியாக முதுகில் போய், விலாவைச் சுற்றி வந்து, இடுப்பில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. சரியாக அந்தப் பட்டை போகிற வழியில். "என்னா அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். முந்தானையைக் கையால் காட்டினேன். அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். கை மெதுவாகத் தோளுக்குப் போனது. துணியை ஒரு தடவை நகர்த்திப் பார்த்தாள். இன்னொரு தடவை. "இருக்குது" என்றாள். "இருக்குதுங்க, இல்லாம இல்ல. ஆனா கத்தல." வாசற்படிக்கு வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வயதில் இரண்டு பேர் வாசற்படியில் உட்கார்ந்து அழுவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை.

அன்று மாலை அவளே சொன்னாள். "பாப்பாகிட்ட சொல்லிடுங்க. போன்ல வேணாம், அழுவா, நானும் அழுவேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வெளங்காது. எழுதுங்க. அந்த மொளகா கதையெல்லாம் எழுதுங்க, அப்பத்தான் பயப்பட மாட்டா." எழுந்து போனவள் திரும்பி வந்து, "தாரைக்கு நானே ஊத்தறேன்னும் எழுதுங்க" என்றாள். பெட்டியிலிருந்து அவளுடைய பட்டுப்புடவையை எடுத்துத் தோளில் போட்டும் பார்த்தாள். புடவையைத் தாங்கிக்கொள்கிறாள். ஜாக்கெட்தான் முடியவில்லை. நம் கல்யாண ஜாக்கெட்டெல்லாம் உடம்போடு ஒட்டித் தைத்தவை. சரிகைக் கரையும் தையலும் சரியாக அந்த இடத்தில் போய் உட்காருகின்றன. போட்ட வேகத்தில் கழற்றிவிட்டு, "தைக்குள்ள பாத்துக்கலாம்" என்றாள். அந்தக் குரலில் மறுபடியும் சித்தியின் பேர் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. களிம்பு தொடர்கிறது, கையுறையும் தொடர்கிறது. கல்யாணத்துக்குள் வலி முழுக்கப் போய்விடும் என்று நான் எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: எரிகிற முதுகில் மிளகாயைத் தடவச் சொல்லித் திரும்பி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் உன் கல்யாணத்தை வெறுக்கிறவள் அல்ல. எனக்கு மூலக்கூறுகளின் மேல் இப்போது எவ்வளவு மரியாதை இருக்கிறதோ அதைவிட அதிகம் அவள் மேல் இருக்கிறது.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்று. லீவு போடாதே, ஓடி வராதே, வலி எப்படி இருக்கிறது என்று கேட்காதே. நாளைக் காலையில் அம்மாவைச் சாதாரணப் போனில் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு உனக்கு மெல்லிய பருத்தியில் தளர்வாக ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப்போகிறேன், அளவு சொல்லும்மா என்று கேள்.

அன்புடன்,
அப்பா